கிலோமீட்டர் கல்லுக்கு அருகே

(மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்து அசாம் ஜாவாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக இலக்கியம் பேசுவார்கள். இந்த ஆண்டு 'சாலை விபத்துக் கணக்கு' என்று அழைப்பிதழில் பார்த்ததும் பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். "ஏன் சார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவைப் பத்திப் பேசித்தான் ஆகணுமா?" என்றார். நியாயமான கேள்விதான். நான் சாலைப் பொறியாளன் அல்ல, போலீஸ்காரனும் அல்ல. இடைநிலைப் பள்ளியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் ஆசிரியருக்கு வருகைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. அதில் ஒரு பெயரின் மேல் கோடு போட மூன்று காரணங்கள்தான். பள்ளி மாறிப் போனது, படிப்பை நிறுத்தியது, இறந்தது. மூன்றாவது காரணத்துக்காக நான் பேனாவை எடுத்தபோதெல்லாம் காரணத்துக்குப் பின்னால் ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிள் நின்றது. அந்தக் கோடுகளை யாராவது கூட்டிப் பார்க்கிறார்களா, கூட்டினால் எப்படிக் கூட்டுகிறார்கள் என்ற கேள்வி ஓய்வுக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றைய பேச்சு அதிலிருந்து வந்தது.

கூட்டுகிறார்கள். நம் நாட்டில் இந்தக் கூட்டலுக்கு ஒரு படிவம் உண்டு. போல் 27 என்று பெயர். விபத்து நடந்தால் விசாரிக்கும் போலீஸ் அதிகாரி நிரப்புவது. வாகன வகை, சாலையின் வளைவு, வெளிச்சம், ஈரம், மோதிய கோணம், தலைக்கவசம் என்று வரிசையாகக் கட்டங்கள். 1990களின் தொடக்கத்திலேயே இந்தப் படிவத்தைக் கணினியில் ஏற்றும் வேலை தொடங்கிவிட்டது. பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் எழுதிய ஒரு மென்பொருளை அதற்குக் கொண்டுவந்தார்கள். நம் வட்டாரத்தில் பல வீடுகளுக்குத் தொலைபேசிகூட வராத காலம் அது. 2007இல் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக்கென்றே மிரோஸ் என்ற தனி நிறுவனம் வந்தது. ஆகவே, கணக்கே இல்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நம் குறை வேறு.

படிவத்தில் 'இடம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நகரத்தில் அதை நிரப்புவது எளிது. இந்தச் சந்திப்பு, இந்த விளக்குக் கம்பம், இந்தக் கடைக்கு எதிரே என்று எழுதிவிடலாம். ஆனால் ஸ்கூடாயிலிருந்து ஈப்போப் பக்கம் ஜெலாப்பாங் வரை போகும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில், நம் ஊரைத் தாண்டியதும் வலமும் இடமுமாக எத்தனை செம்மண் பாதைகள் வாய் திறக்கின்றன! செம்பனைக்குள் போகும் பாதை, பழைய தொழிலாளர் லயத்துக்குப் போகும் பாதை, கம்போங்குக்குப் போகும் பாதை. எதற்கும் பெயர்ப்பலகை கிடையாது. அங்கே ஒரு பையன் விழுந்தால் தாளில் என்ன ஏறும்? இத்தனையாவது கிலோமீட்டர் கல்லுக்கு அருகே, அசாம் ஜாவாவுக்கு அருகே. 'அருகே' என்பது எண் அல்ல. கணக்குத் தாளில் அப்படி எழுதியிருந்தால் நான் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், நம் மக்கள் அந்த இடத்தைத் துல்லியமாகவே குறித்து வைக்கிறார்கள். மரத்தடியில் ஒரு கல், சிவப்புத் துணி, எலுமிச்சம்பழம். கொஞ்ச நாளில் தகரக் கூரை, பிறகு முனீஸ்வரன். அந்த வளைவில் பெரியவர்கள் ஹாரன் அடித்து, கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடந்து போவார்கள். சாமி நம்பிக்கையைப் பற்றி நான் இங்கே வாதம் செய்ய வரவில்லை. அடி பிசகாத இடக்குறிப்பு அது என்று மட்டும் சொல்கிறேன். நம் ஊர்ப் பெயரே மலாய் மொழியில் புளி. தமிழ்நாட்டுச் சாலையோரப் புளியமரங்களில் எத்தனை பேய்களை நம் முன்னோர் ஏற்றி வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வண்டி எங்கே குடை சாய்ந்ததோ அங்கேதான் பெரும்பாலும் பேய் குடியேறியது.

நாட்டுக் கணக்குக்குப் போவோம். 2016இல் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 7,152 பேர். அவர்களில் 4,485 பேர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நூற்றுக்கு அறுபத்து மூன்று. 2019இல் மொத்த இறப்பு 6,167 ஆகக் குறைந்தது. அதாவது நாளுக்குப் பதினேழு பேர். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் போலீஸாரின் 'ஓப்ஸ் செலாமாட்' சாலை நடவடிக்கை நடக்கும்போது தினசரி இறப்பு எண்ணிக்கை பத்திரிகையில் வரும், நாம் உச்சுக் கொட்டுவோம். மற்ற நாள்களிலும் அதே பதினேழு பேர் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், தலைப்புச் செய்தி இல்லாமல்.

இப்போது இன்னொரு எண். 2019இல் பதிவான விபத்துகள் மொத்தம் 567,516. இறப்பால் வகுத்துப் பாருங்கள். 92 விபத்துக்கு ஒரு சாவு. 2016இல் விபத்துகள் 521,466. அப்போது 73க்கு ஒரு சாவு. விபத்து கூடியிருக்கிறது, சாவு குறைந்திருக்கிறது. பாதி மகிழ்ச்சி அடையலாம். மீதிப் பாதிக்கு, அந்த ஐந்தரை லட்சத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். ரிப்போர்ட் இல்லாமல் காப்புறுதிப் பணம் கிடைக்காது. ஆகவே பேரங்காடி வாசலில் பம்பர் நசுங்கிய கார்க்காரர் ஒழுங்காகப் போலீஸ் நிலையத்துக்குப் போகிறார். தோட்டப் பாதையில் வழுக்கி விழுந்து முட்டி உடைந்த பையன் போவானா? லைசென்ஸ் இல்லை, சாலை வரி முடிந்து மூன்று மாதம், போனால் சம்மன்தான் கிடைக்கும். அவன் நேராக மருத்துவமனைக்குப் போய், "விழுந்துட்டேன் டாக்டர்" என்கிறான். மருத்துவமனை ஏட்டில் எலும்பு முறிவு ஒன்று ஏறும். போலீஸ் ஏட்டில் ஒன்றும் ஏறாது. அவன் மறு மாதம் அதே இடத்தில் இன்னும் மோசமாக விழும்போதுதான் அந்த இடம் முதல்முறையாகக் கணக்கில் வருகிறது.

சுவீடனில் இந்த ஓட்டையை அடைத்தார்கள். போலீஸ் பதிவையும் மருத்துவமனைப் பதிவையும் ஒரே தரவுத் தொகுப்பில் சேர்த்தார்கள். சாலையில் சாவே கூடாது, கடுமையான காயமும் கூடாது என்பதை 1997இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் கொள்கையாக ஏற்றது. 'சாவைக் குறைப்போம்' என்பதற்கும் 'சாவே கூடாது' என்பதற்கும் கணக்கில் பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதில் எத்தனை சாவுக்கு மேல் போனால் வேலை தொடங்குவது என்று ஒரு கோடு கிழிக்க வேண்டும். இரண்டாவதில் அந்தக் கோடே கிடையாது.

கோடு என்றதும் என் மனத்தை மிகவும் உறுத்திய கணக்குக்கு வருகிறேன். பொதுப்பணி இலாகாவில் ஆபத்தான இடங்களை வரிசைப்படுத்த ஓர் எடைமுறை இருக்கிறது. சாவு விளைந்த விபத்துக்கு 6 புள்ளி. கடுங்காயத்துக்கு 3. சிறு காயத்துக்கு 0.8. வாகனச் சேதம் மட்டும் என்றால் 0.2. ஓர் இடத்தில் நடந்தவற்றை இப்படிப் பெருக்கிக் கூட்டி, அதிகம் வரும் இடத்துக்கு முதலில் பணம். முறை தவறு என்று நான் சொல்லவில்லை. பணம் அளவோடு இருக்கும்போது ஏதோ ஒரு தராசு வேண்டும். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடிய வகுத்தல் ஒன்று இருக்கிறது. ஆறை 0.2ஆல் வகுத்தால் முப்பது. ஒரு சாவு, முப்பது நசுங்கல்.

இதை நம் பக்கம் பொருத்திப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காகத்தான் சொல்கிறேன், எந்த ஊரின் உண்மைக் கணக்கும் அல்ல. பட்டணத்தில் ஒரு சந்திப்பு. ஆண்டுக்கு அறுபது பம்பர் நசுங்குகிறது, யாருக்கும் கீறல்கூட இல்லை. பன்னிரண்டு புள்ளி. தோட்டப் பாதை ஒன்றின் வாயில் மூன்று ஆண்டுக்கு ஒரு சாவு. ஆண்டுக்கு இரண்டு புள்ளி. பட்டியலில் எது மேலே நிற்கும்? பட்டணத்துக்கு விளக்கும் வளைவுப் பாதையும் வரும். தோட்டத்துக்கு முனீஸ்வரன் வருவார். அதோடு, அதே மாதிரி இன்னொரு பாதை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கேயும் ஒரு சாவு, வேறோர் ஆண்டில். அதற்கும் தள்ளி மூன்றாவது. வரைபடத்தில் தனித்தனிப் புள்ளிகள். எந்தப் புள்ளியும் வட்டம் போடும் அளவுக்குப் பெருக்கவில்லை. புள்ளிகள் குவிய வேண்டும் என்று காத்திருக்கும் முறை, மக்கள் நெருங்கி வாழும் இடத்துக்குப் பொருந்தும். சிதறி வாழ்கிறவர்களின் சாவும் சிதறித்தான் கிடக்கும்.

நாம் ஏன் சாலைக்கு வந்தோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், இது எந்தப் படிவத்திலும் இல்லாதது. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் தென்னமரம் என்று ஒரு தோட்டம் இருக்கிறது. இப்போது அந்த ஊரைப் பெஸ்தாரி ஜெயா என்கிறோம். இந்த நாட்டில் செம்பனையை முதன்முதலில் வணிகப் பயிராக நட்டது அங்கேதான், 1917இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தென்னை பெயர், பனை பயிர். அது இருக்கட்டும். அந்தக் காலத் தோட்டத்தில் லயம், பள்ளிக்கூடம், கோயில், கடை, மருந்தகம், கள்ளுக்கடை எல்லாமே உள்ளே. மாதத்தில் ஓரிரு நாள் பட்டணத்துக்குப் போவதற்குத்தான் பெரிய சாலை. சைக்கிள்தான் வாகனம். பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டுபட்டன. லயத்தை விட்டு வந்தவர்கள் சாலையோரத் தாமான் குடியிருப்புகளில் மலிவு விலை வீடு வாங்கினார்கள். ரப்பர் பால் வெட்டிய கைகள் கிள்ளான், காப்பார், மேரு, ஷா ஆலாம் தொழிற்சாலைகளுக்குப் போயின. பன்னிரண்டு மணி நேர வேலை, விடியற்காலையில் திரும்பும் மோட்டார். பள்ளிக்கு, கோயிலுக்கு, ஒரு பொட்டலம் உப்புக்குக்கூடக் கூட்டரசு சாலையைத் தொட்டாக வேண்டும். நம் பிள்ளைகள் திடீரென்று முரடர்களாகிவிடவில்லை. பழைய தோட்டத்தில் ஆள் நடந்த பாதையில் ஆள்தான் எதிரே வந்தான். இப்போது மணல் லோரியும் குலை லோரியும் வருகின்றன. ஐம்பத்து நான்காம் எண் சாலையில் புஞ்சாக் ஆலாமின் புது வீடுகள் கூடிய பிறகு கார்களும் சேர்ந்துகொண்டன. 2011இல் லாத்தார் விரைவுச்சாலை ஈஜோக் வரை வந்தது, பிறகு மேற்குக் கரை விரைவுச்சாலை நம் ஊர் வாசலையே தொட்டுவிட்டது. அகலச் சாலையில் நூற்றுப்பத்தில் வந்தவர், இறங்கிய உடனே அறுபதுக்கு மனம் இறங்கிவிடுவாரா?

வேகம்தான் இந்தக் கணக்கின் மையம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருபடியாகக் கூடும் என்று நான்காம் படிவ வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அறுபதிலிருந்து தொண்ணூறுக்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, ஆற்றல் இரண்டேகால் மடங்கு. சுவீடன்காரர்கள் மனித உடம்பிலிருந்து கணக்கைத் தொடங்கினார்கள். நடப்பவரை மோதும் இடத்தில் முப்பது, பக்கவாட்டில் மோதக்கூடிய சந்திப்பில் ஐம்பது, நேருக்கு நேர் மோதக்கூடிய இடத்தில் எழுபது கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் நல்ல காருக்குள் இருப்பவர் உடம்பும் தாங்காது. நம் கூட்டரசு சாலையின் பொது வரம்பு தொண்ணூறு. பெருநாள் காலத்தில் எண்பதாகக் குறைப்பார்கள். காருக்குள் இருப்பவரே தாங்காத வேகத்தில், கப்சாய் மேல் இருப்பவரை என்னவென்று சொல்வது!

விசாரணைக்கு வரும் அதிகாரியின் கேள்வி 'யார் மேல் தப்பு?' என்பது. நீதிமன்றத்துக்கு அது வேண்டும். சாலை போடுகிறவர் கேட்க வேண்டியது வேறு: தப்பு நடந்த பிறகும் அடிபட்டவன் ஏன் பிழைக்கவில்லை? வலப்பக்கம் இருக்கும் தோட்டப் பாதைக்குத் திரும்ப வேண்டிய மோட்டார்க்காரர், நடுக்கோட்டில் கால் ஊன்றி நிற்கிறார். எதிரே வாகனம் ஓய வேண்டும். பின்னால் தொண்ணூறில் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வருகிறார். தப்பு பின்னால் வந்தவருடையது, எந்த நீதிபதியும் அப்படித்தான் சொல்வார். ஆனால் அந்த இடத்தில் வலப்பக்கம் திரும்புவோர் ஒதுங்கி நிற்க ஒரு சிறு தடம் போட்டிருந்தால் அதே தப்பு ஒரு பிரேக் சத்தத்தோடு முடிந்திருக்கும். "பொறுமையா ஓட்டுடா" என்று பையனுக்கு நாம் சொல்லும் புத்திமதி இங்கே பயன்படாது. அவன் ஓட்டவே இல்லை, நின்றுகொண்டிருந்தான்.

கணக்கு சாவைத் தடுத்ததற்கு நம் சிலாங்கூரிலேயே சாட்சி உண்டு. 1992இல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கைப் போட வேண்டும் என்று இயக்கம் தொடங்கினார்கள். அப்போது நாங்கள் சிரித்தோம். பட்டப்பகலில் எவன் விளக்குப் போடுவான், பேட்டரியைத் தின்னவா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். புத்ரா பல்கலைக்கழகப் பேராசிரியர் ராடின் உமார் குழுவினர் சிரம்பானிலும் ஷா ஆலாமிலும் முன்பும் பின்பும் எண்ணிப் பார்த்தார்கள். 'கண்ணில் படவில்லை' என்ற வகை மோட்டார் விபத்துகள் 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு சுவிட்சு, அவ்வளவுதான். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாருக்கென்று தனிப் பாதை 1970களிலேயே உலக வங்கித் திட்டத்தில் போட்டது. 1990களில் அதை நீட்டினார்கள். ஷா ஆலாம் பகுதியில் அதே பேராசிரியர் செய்த ஆய்வில் மோட்டார் விபத்து 39 விழுக்காடு குறைந்தது. அதற்கும் முன்பே, 1973இல் தலைக்கவசச் சட்டம் வந்துவிட்டது. மலேசியத் தர நிர்ணயத்தில் 'எம்எஸ் 1' என்ற முதல் எண் தலைக்கவசத்துக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். மோட்டார்க்காரர் சாவை இந்த நாடு தொடக்கத்திலேயே தன் பிரச்சினையாக ஏற்றது என்பதற்கு அந்த எண் சாட்சி.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. பகல் விளக்குக்காக யாரும் 'எந்த இடத்தில் அதிகம் சாகிறார்கள்' என்று தேடவில்லை. எப்படிப்பட்ட மோதலில் சாகிறார்கள் என்று தேடினார்கள். நம் தோட்டச் சாலைகளுக்கும் அதே தேடல் வேண்டும் என்பதுதான் என் வாதம். இந்தப் பாதையா, அந்தப் பாதையா என்று ஒவ்வொன்றாகச் சாவை எண்ணிக் காத்திருக்காமல், தொண்ணூறு வேகச் சாலையில் திறக்கும், விளக்கில்லாத, திரும்பும் தடம் இல்லாத பாதை வாய்கள் எல்லாவற்றையும் ஒரே வகையாக எண்ணுங்கள். அந்த வகையில் மொத்தம் எத்தனை சாவு என்று கூட்டுங்கள். அப்போது ஒன்று, ஒன்று என்று சிதறிக் கிடந்தவை ஒரே நெடுவரிசையில் வந்து நிற்கும். மருந்தும் வகைக்கே கொடுக்கலாம்: ஒரு விளக்குக் கம்பம், ஒதுங்கும் தடம், தார் போட்ட அகலமான ஓரம், ஊர் நெருங்கும் இடத்தில் வேகத்தை உடைக்கும் வட்டச் சந்திப்பு. இன்னும் யாரும் சாகாத பாதை வாய்க்கும் கொடுக்கலாம். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. சாலையின் அமைப்பைப் பார்த்தே நட்சத்திரம் போடும் 'ஐராப்' முறையை முதலில் சோதித்துப் பார்த்த நான்கு நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அதில் காருக்குத் தனி நட்சத்திரம், மோட்டாருக்குத் தனி நட்சத்திரம், நடப்பவருக்குத் தனி. ஒரே சாலை கார்க்காரருக்கு மூன்று நட்சத்திர ஓட்டலாகவும் மோட்டார்க்காரருக்கு ஒற்றை நட்சத்திரமாகவும் இருக்கலாம்.

'அருகே' என்ற சொல்லை ஒழிக்கவும் வழி வந்துவிட்டது. சென்னை ஐஐடி வடிவமைத்த விபத்துத் தரவுச் செயலி தமிழ்நாடு உட்பட இந்திய மாநிலங்களில் 2021 முதல் புழக்கத்தில் இருக்கிறது. போலீஸ்காரர் விபத்து நடந்த இடத்தில் நின்று கைப்பேசியில் பதிவார், இடம் செயற்கைக்கோள் வழியே தானாக ஏறிவிடும். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை ஒரு குறிப்பிட்ட தொகை வரை இலவசம். அடிபட்டவர் ஒளிந்துகொள்ளாமல் மருத்துவமனைக்கு வந்தால் உயிரும் மிஞ்சும், பதிவும் மிஞ்சும். சம்மன் பயத்தில் நம் பையன் பதுங்குவதை இத்துடன் வைத்துப் பாருங்கள். அடிபட்டவன் கொடுக்கும் தகவலைத் தண்டனைக்குப் பயன்படுத்தாத ஒரு வழி நமக்கும் வேண்டும்.

ஹெல்சிங்கி நகரில் 2025 ஜூலை வரையிலான ஓராண்டில் சாலைச் சாவு ஒன்றுகூட இல்லை. ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம். அங்கே பாதித் தெருக்களுக்கு மேல் முப்பதுதான் வரம்பு. இதைச் சொன்னால் நம்மவர் உடனே, "அங்கே டிராம் இருக்கு சார், கப்சாய் இல்ல" என்பார்கள். சரிதான். டிராம் நம் ஊருக்கு வரப்போவதில்லை. நம் நாட்டின் 2022–2030 சாலைப் பாதுகாப்புத் திட்டம் சாவைப் பாதியாக்குவேன் என்றுதான் சொல்கிறது, பூஜ்யம் என்று சொல்லவில்லை. பாதியாவதற்கே மோட்டார்க்காரர் சாவு குறைந்தாக வேண்டும். மற்ற எல்லாரையும் காப்பாற்றினாலும் 4,485 போன்ற ஓர் எண் அப்படியே நிற்கும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு ஐந்தாம் படிவ மாணவர் சிலரைப் புள்ளியியல் பாடத்துக்காக ஒரு தோட்டப் பாதையின் வாய்க்கு அழைத்துப் போனேன். காலை வேளை, சாலையிலிருந்து நன்றாகத் தள்ளி, ரம்புத்தான் மரத்தடியில் உட்கார வைத்தேன். நடுக்கோட்டில் கால் ஊன்றி நிற்கும் மோட்டார் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது, பின்னால் வரும் லோரி ஒதுங்குகிறதா, பிரேக் போடுகிறதா. நான்கு நெடுவரிசை, பென்சில் கோடுகள். ஒரு பையன் திடீரென்று எழுந்து நின்றான். நடுக்கோட்டில் நின்றுகொண்டிருந்தவர் அவன் அப்பா. அவர் திரும்பி உள்ளே போகும் வரை மற்றவர்களும் எழுதவில்லை.

பிறகு தாளின் தலைப்பை நிரப்பச் சொன்னேன். தேதி எழுதினார்கள், நேரம் எழுதினார்கள். இடம் என்ற கட்டத்தில் ஒரு மாணவி பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "சார், இந்த இடத்துக்குப் பேர் இல்லையே, என்ன எழுதறது?" என்றாள். அசாம் ஜாவா அருகே என்று எழுதிவிடலாம் என்றான் பக்கத்தில் இருந்தவன். அவள் எழுதவில்லை. கிலோமீட்டர் கல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். புல் ஓரமாக அதுவரை நடந்து போனவள், அங்கிருந்து காலடியை எண்ணிக்கொண்டே எங்களை நோக்கி வர ஆரம்பித்தாள்.